ரைசன் 5 5600எக்ஸ் ஓவர்கிளாக்: நிலையாக நிற்கும் வேகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடுது, கேம் ராத்திரி முழுக்க ஓடுது, ஆனா சும்மா யூடியூப் பார்க்கும்போது ஸ்கிரீன் கறுப்பாகி தானா ரீஸ்டார்ட் ஆகுது." ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை ப்ராசசரை முதல்முறை ஓவர்கிளாக் செய்பவர்கள், அதாவது தொழிற்சாலை வேகத்தைத் தாண்டி ஓட்டுபவர்கள், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். எல்லா கோரும் (ப்ராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) முழுச் சுமையில் இருக்கும்போது ப்ராசசர் தன் வேகத்தைத் தானே கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். ஒரே ஒரு கோர் மட்டும் சில நொடி விழித்து வேலை செய்யும் லேசான நேரத்தில்தான் அது உச்ச வேகத்துக்குப் பாய்கிறது, வோல்டேஜ் போதாமல் விழுவதும் அங்கேதான். சினிபெஞ்ச் போன்ற கனமான சோதனையை மட்டும் ஓட்டிவிட்டு "ஸ்டேபிள்" என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ரைசன் 5 5600எக்ஸ். 6 கோர், 12 த்ரெட், அடிப்படை வேகம் 3.7 ஜிகாஹெர்ட்ஸ், அறிவிக்கப்பட்ட பூஸ்ட் (தானாக ஏறும் உச்ச வேகம்) 4.6. 5600, 5800எக்ஸ், 5900எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் செய்யும் வரிசை இதேதான், எண்கள் மட்டும் மாறும். 5800எக்ஸ்3டி என்றால் விட்டுவிடுங்கள், அதில் ஓவர்கிளாக் பூட்டப்பட்டிருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லா கோரையும் பயன்படுத்தும் வேலைகளில் ஐந்து முதல் எட்டு சதவீதம் வரை எதிர்பார்க்கலாம். கேமில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அது போதாது என்று தோன்றினால் இதற்குச் செலவாகும் ராத்திரிகளை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

மதர்போர்டு சிப்செட்டை முதலில் பாருங்கள். பி450, எக்ஸ்470, பி550, எக்ஸ்570 இவற்றில் ஒன்று என்றால் சரி. ஏ320, ஏ520 போர்டுகளில் ஓவர்கிளாக் கிடையாது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்பு மெனு) மணிக்கணக்கில் மெனுவைத் தேடிவிட்டு அப்புறம்தான் போர்டு மாடலைப் பார்க்கிறவர்கள் நிறைய.

கூலர் அடுத்தது. பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த், ப்ராசசரை அதன் இயல்பு வரம்பில் ஓட்டுவதற்காகக் கொடுத்தது. ஓவர்கிளாக் செய்ய 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் கூலராவது போடுங்கள். இந்தச் சிப் சூடு ஏற ஏறத் தன் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும், அதனால் கூலர் மோசமாக இருந்தால் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு எண்ணையும் சூடு திருப்பி வாங்கிக்கொள்ளும்.

முக்கியமான ஃபைல்களுக்கு பேக்கப் எடுத்து, அதை வேறு டிரைவில் வைத்து, அந்த டிரைவைக் கழற்றியும் வையுங்கள். நிலையில்லாத ப்ராசசர் கணக்கைத் தப்பாகப் போட்டு அந்தத் தப்பை டிஸ்கில் எழுதினாலும் எழுதிவிடும். திரை நீலமாகி நின்றால் குறைந்தபட்சம் தெரிந்துவிடுகிறது. சத்தமில்லாமல் ஒரு ஃபைல் கெட்டுப்போனால் எப்போது தெரியும்?

விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிரைவைப் பூட்டி வைக்கும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்யும்போது டிபிஎம்மில் (அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் பாதுகாப்புச் சிப்) இருப்பது அழிந்துவிட்டால் அடுத்த பூட்டில் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும், அது கையில் இல்லையென்றால் உங்கள் டிரைவ் உங்களுக்கே திறக்காது.

மென்பொருளில் எச்டபிள்யூஇன்ஃபோ (சூடு, வேகம், வோல்டேஜைக் காட்டுவது), சினிபெஞ்ச் ஆர்23 (வேகத்துக்கு மதிப்பெண் கொடுப்பது), கோர்சைக்ளர் (ஒவ்வொரு கோராகச் சோதிப்பது), புதிய ஏஎம்டி சிப்செட் டிரைவர் இவை நான்கும், கடைசியில் ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86உம் போதும், எல்லாமே இலவசம். கூடவே ஒரு நோட்டும் பேனாவும். மாற்றிய எண்களை மனசில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

உத்தரவாதம் பற்றி ஒரு வரி: பிபிஓவை (ப்ரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், ப்ராசசரின் மின் வரம்பைத் தளர்த்தும் வசதி) இயக்கினாலே அது ஏஎம்டி கணக்கில் ஓவர்கிளாக்தான், அதனால் வரும் சேதம் உத்தரவாதத்தில் வராது. பயாஸிலேயே எச்சரிக்கை வரும், படித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

2. பயாஸ் அப்டேட், சிமாஸ் ரீசெட்

ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் தனியாகக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் மெனு பழைய பயாஸில் இருக்காது. அதனால் அப்டேட்டை முதலிலேயே முடித்துவிடுங்கள். நடுவில் செய்தால் அதுவரை அமைத்தது எல்லாம் அழிந்துவிடும். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டே பூட் ஆகாமல் போகலாம், யூபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். எங்கள் பக்கம் மின்வெட்டு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம், போர்டில் சிமாஸ் ரீசெட் (பயாஸ் அமைப்புகளை அழித்து டீஃபால்ட்டுக்குக் கொண்டுவருவது) செய்யும் பின்கள் எங்கே இருக்கின்றன என்று மேனுவலில் பார்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தப்பான எண் கொடுத்து திரையே வராமல் போனால் கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, அந்த இரண்டு பின்களையும் சில நொடி இணைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். பின் இல்லாத போர்டில் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைக்கலாம். இது தெரியாமல் திரை கறுப்பானதும் ப்ராசசர் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

3. எதையும் தொடாமல் ஓர் அளவு

பயாஸ் டீஃபால்ட்டில், ரேமின் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை (ரேமை அதன் அறிவிக்கப்பட்ட உயர் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துவிட்டு, சினிபெஞ்ச் ஆர்23 மல்டி கோரையும் சிங்கிள் கோரையும் ஓட்டி மதிப்பெண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மல்டி சுமார் 11,000 பக்கத்தில் வரும். ரொம்பக் குறைவாக வந்தால் கூலர் சரியாக உட்காரவில்லையா, பின்னணியில் ஏதாவது ஓடுகிறதா என்று முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எக்ஸ்எம்பியை ஏன் அணைக்கிறோம்? ரேம் வேகமும் ஓவர்கிளாக்தான். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் ரீஸ்டார்ட் ஆகும்போது குற்றவாளி ரேமா, கோரா என்று கண்டுபிடிக்க முடியாது. பழகியவர்கள்கூட அவசரத்தில் தாண்டிவிடும் படி இது.

அறையின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை பத்து டிகிரி ஏறினால் ப்ராசசரும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். ஏசி போட்ட அறையில் ராத்திரி 75 டிகிரி காட்டியதை வைத்துக்கொண்டு மே மாத மதியத்தை முடிவு செய்யாதீர்கள்.

4. மல்டிப்ளையரா, பிபிஓவா

100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக், அதன்மேல் 46 மல்டிப்ளையர், ஒரு நிலையான வோல்டேஜ், எல்லா கோரும் 4.6 ஜிகாஹெர்ட்ஸ். பழைய வழி இதுதான். இந்தச் சிப்பில் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 5600எக்ஸ் ஒற்றைக் கோர் வேலையில் தானாகவே 4.6ஐத் தாண்டி 4.65 வரை தொட்டுவிடுகிறது, அதனால் அந்தப் பக்கம் லாபமே இல்லை. நிலையான வோல்டேஜ் வைத்தால் கனமான சுமையிலும் அது இறங்காது, சூடு கூடும், நாளடைவில் சிப்பும் தேயும்.

இங்கே இன்னொரு குழப்பமும் வரும். டீஃபால்ட்டிலேயே எச்டபிள்யூஇன்ஃபோவில் 1.4, சில நேரம் 1.45 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். பார்த்ததும் பயந்து கையால் வோல்டேஜைக் குறைக்கப் போகிறார்கள். லேசான சுமையில் மின்னோட்டம் குறைவாக இருக்கும்போது அந்த அளவு இந்தச் சிப்புக்கு இயல்பு. "சும்மா இருக்கும்போதே 1.45 இருக்கிறதே" என்று அதே எண்ணை எல்லா கோருக்கும் நிலையாகப் போடுவதுதான் ஆபத்து.

ஆகவே நம் வழி பிபிஓவும் கர்வ் ஆப்டிமைசரும். ப்ராசசரின் சொந்த பூஸ்ட் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அதன் வரம்பைத் தளர்த்துகிறோம், ஒவ்வொரு வேகத்துக்கும் அது கேட்கும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்கிறோம். மிச்சமாகும் சூட்டையும் வாட்டையும் அது தானே வேகமாக மாற்றிக்கொள்ளும். பேஸ் கிளாக்கை 100லேயே விடுங்கள், அதை நகர்த்தினால் மற்ற பஸ்களும் சேர்ந்து நகரும்.

5. மின் வரம்புகள்

பயாஸில் அட்வான்ஸ்டு, அதற்குள் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங், அதற்குள் ப்ரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ். அதை அட்வான்ஸ்டு என்று மாற்றி, லிமிட்ஸை மேனுவலில் வையுங்கள். பல போர்டுகளில் இதே பிபிஓ அமைப்பு போர்டு நிறுவனத்தின் சொந்த மெனுவிலும் இன்னொரு முறை இருக்கும். இரண்டு இடத்திலும் எண் கொடுத்தால் எது வேலை செய்கிறது என்று தெரியாது. ஒன்றை மட்டும் தொடுங்கள்.

மூன்று எண்கள் உண்டு. பிபிடி என்பது சாக்கெட் மொத்தமாக எடுக்கும் வாட், டிடிசி தொடர்ந்து எடுக்கும் ஆம்பியர், இடிசி நொடிப்பொழுதில் பாயும் உச்ச ஆம்பியர். 5600எக்ஸின் டீஃபால்ட் 76, 60, 90. முதலில் 100, 70, 100 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள்.

லிமிட்ஸில் மதர்போர்டு என்றும் ஒரு தேர்வு இருக்கும், அதைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அது போர்டு தாங்கும் அளவுக்கு வரம்பைத் தூக்கிவிடும், ப்ராசசருக்கு அவ்வளவு தேவையே இல்லை. கடைசி 20 வாட்டில் வேகம் துளிதான் கூடும், சூடு மட்டும் நன்றாகக் கூடும்.

அதே மெனுவில் தெர்மல் த்ராட்டில் லிமிட் இருந்தால் 85 டிகிரி என்று கொடுங்கள். சிப்பின் எல்லை 95தான், ஆனாலும் நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது. ஸ்கேலரைத் தொட வேண்டாம், லோட்லைன் கேலிப்ரேஷனும் (சுமை ஏறும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்கலாம் என்ற அமைப்பு) ஆட்டோவிலேயே இருக்கட்டும். லோட்லைனை மாற்றினால் நாம் அடுத்து அமைக்கப்போகும் கர்வின் அடித்தளமே நகர்ந்துவிடும்.

சேவ் செய்து சினிபெஞ்ச் மல்டி மறுபடி. மதிப்பெண் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், சூடு கையில் இருக்க வேண்டும். சூடு 85ஐத் தொட்டு வேகம் இறங்கினால் பிபிடியை 90க்குக் குறையுங்கள்.

6. கர்வ் ஆப்டிமைசர்

நேரம் அதிகம் போவது இங்கேதான். ஒவ்வொரு கோருக்கும் மைனஸ் 30 வரை கொடுக்கலாம், ஒரு எண் என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லா கோருக்கும் ஒரே எண் கொடுக்கும் தேர்வும் உண்டு, ஆனால் அதில் ஆறு கோரும் இருப்பதிலேயே பலவீனமான கோருக்கு அடங்கிப் போக வேண்டியிருக்கும். பெர் கோர் என்பதையே எடுங்கள்.

எண் கொடுக்கும் முன் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து எந்த இரண்டு கோர் முதல் தரவரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள், கோரின் பெயருக்குப் பக்கத்திலேயே பெர்ஃப் என்று போட்டிருக்கும். நல்ல கோர் நிறையத் தாங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. நல்ல கோருக்குத் தொழிற்சாலையிலேயே குறைந்த வோல்டேஜ்தான் கொடுத்திருப்பார்கள், விண்டோஸும் ஒற்றைக் கோர் வேலையை அதன் தலையிலேயே கட்டும். குறைக்க அங்கே மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

எனவே முதல் இரண்டு கோருக்கு மைனஸ் 5, மற்ற நான்குக்கும் மைனஸ் 15 என்று தொடங்குங்கள். சோதனையில் தேறினால் ஐந்து ஐந்தாக இறக்குங்கள், விழுந்த கோரை மட்டும் பூஜ்யத்தின் பக்கம் மூன்று எண் பின்வாங்குங்கள். கடைசியில் ஒரு கோர் மைனஸ் 6, இன்னொன்று மைனஸ் 10, மற்றவை மைனஸ் 20க்கும் 28க்கும் நடுவில் என்று முடிந்தால் அது முற்றிலும் இயல்பான முடிவு. யாரோ ஆறு கோருக்கும் மைனஸ் 30 போட்டு ஓட்டுகிறார் என்றால் அவர் சிப் அப்படி, அல்லது அவர் இன்னும் சரியாகச் சோதிக்கவில்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சினிபெஞ்ச் மதிப்பெண்ணையும் பாருங்கள். வோல்டேஜ் போதாதபோது இந்தச் சிப் உடனே விழாமல் கிளாக்கை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கும். எச்டபிள்யூஇன்ஃபோவில் சாதாரண கிளாக் 4.65 என்று அழகாகக் காட்டும், முழுச் சுமையில் இருக்கும் கோரின் எஃபெக்டிவ் கிளாக் (உண்மையில் ஓடும் சராசரி வேகம்) அதைவிட நூறு மெகாஹெர்ட்ஸ் கீழே கிடக்கும். அப்படி இடைவெளி விழுந்தாலோ, மதிப்பெண் போன முறையைவிட இறங்கினாலோ எண்ணைப் பின்வாங்குங்கள்.

7. ஒவ்வொரு கோராகச் சோதிப்பது

கோர்சைக்ளர் என்பது ப்ரைம்95 என்ற கணக்குச் சோதனையை ஒரு நேரத்தில் ஒரே கோரில் மட்டும் ஓட்டும் ஸ்கிரிப்ட். மற்ற கோர்கள் தூங்குவதால் அந்த ஒரு கோர் உச்ச வேகத்துக்குப் போகும், நமக்குச் சோதிக்க வேண்டியதும் அந்த இடம்தான்.

அதன் கான்ஃபிக் ஃபைலில் எஸ்எஸ்இ (லேசான கட்டளை வகை), ஹ்யூஜ் எஃப்எஃப்டி (பெரிய அளவுக் கணக்கு) என்று வையுங்கள். இன்னொரு கட்டளை வகையான ஏவிஎக்ஸ் கனமானது, சூட்டை ஏற்றி வேகத்தைக் கீழே இழுத்துவிடும். கனமாக இருந்தால் நல்ல சோதனை என்ற நினைப்பை இங்கே விட்டுவிட வேண்டும்.

எண்களைத் தேடும் கட்டத்தில் ஒரு கோருக்கு 10 நிமிடம் போதும், ஆறு கோருக்கும் ஒரு மணி நேரம் ஆகும். முடிவான எண்கள் கிடைத்த பிறகு ஒரு கோருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்து ராத்திரி விட்டுவிடுங்கள். 10 நிமிடத்தில் தேறிய கோர் 40வது நிமிடத்தில் விழுவது சகஜம்.

அது முடிந்ததும் இன்னொரு ராத்திரி எதையும் ஓட்டாமல் வெறும் டெஸ்க்டாப்பில் விடுங்கள். மறுநாள் ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்புங்கள், பிரவுசரில் டேப்களைத் திறந்து மூடுங்கள். தூக்கத்திலிருந்து உச்சத்துக்கும் உச்சத்திலிருந்து தூக்கத்துக்கும் கோர் தாவும் நொடிகளைத் தொடர்ந்து ஓடும் எந்தச் சோதனையும் முழுதாகக் காட்டாது.

8. விழுந்தால் எந்த கோர்?

கோர்சைக்ளர் ஓடும்போது பிழை வந்தால் எந்த கோர் என்று அதுவே எழுதிவிடும். திடீரென்று ரீஸ்டார்ட் ஆனால் அதன் லாக் ஃபைலைத் திறந்து கடைசியாக எந்த கோர் ஓடியது என்று பாருங்கள்.

சாதாரண வேலையில் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதிக்குப் போய் டபிள்யூஎச்இஏ லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு) என்று தேடுங்கள். ஐடி 18 என்ற பதிவில் ப்ராசசர் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும். 5600எக்ஸில் அதை இரண்டால் வகுத்தால் கோர் எண் கிடைக்கும். 0, 1 என்றால் கோர் 0. 6, 7 என்றால் கோர் 3. அந்த ஒரு கோரை மட்டும் மூன்று எண் பின்வாங்கினால் போதும், மற்ற ஐந்தையும் தண்டிக்க வேண்டாம்.

கவனம்: கோர்சைக்ளரும் எச்டபிள்யூஇன்ஃபோவும் கோரை 0 என்று எண்ணத் தொடங்கும், ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருள் 1 என்று தொடங்கும். இந்த ஓர் எண் வித்தியாசத்தில் தப்பான கோரைச் சரிசெய்துகொண்டே இருந்து, கடைசியில் சிப்பே மோசம் என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

9. பூஸ்ட் ஓவர்ரைடு

மேக்ஸ் சிபியு பூஸ்ட் கிளாக் ஓவர்ரைடு என்ற இடத்தில் 200 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்டலாம். வழிகாட்டி படிக்காதவர்கள் முதலில் தொடுவது இதைத்தான். கர்வ் நிலையாக நின்ற பிறகு 50 மட்டும் கூட்டுங்கள், மறுபடி கோர்சைக்ளர், அப்புறம் 100.

உச்ச வேகம் மேலே போகும்போது அந்தப் புதிய உச்சியில் தேவைப்படும் வோல்டேஜும் கூடும். அதனால் நேற்று தேறிய மைனஸ் 20 இன்று தேறாது. ஓவர்ரைடை ஏற்ற ஏற்ற கர்வைத் தளர்த்த வேண்டியிருக்கும், ஒரு கட்டத்தில் கொடுப்பதும் வாங்குவதும் சமமாகிவிடும். 100ல் நின்றுவிடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. 200 போட்டு 4.85ஐ ஒரு நொடி திரையில் பார்ப்பதில் சந்தோஷம் இருக்கலாம், சினிபெஞ்ச் மதிப்பெண்ணில் அது அவ்வளவாகத் தெரியாது.

10. ரேம் கடைசியில்

இப்போது எக்ஸ்எம்பியை இயக்குங்கள், சில போர்டில் டிஓசிபி என்று இருக்கும். 3600 வேக ரேம் என்றால் அதன் உண்மையான கிளாக் 1800, எனவே இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் (ப்ராசசரின் உள் பகுதிகளை இணைக்கும் பாதை) 1800ல் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றுக்கு ஒன்று ஓட வேண்டும். மெம்டெஸ்ட்86ஐ ஒரு ராத்திரி ஓட்டுங்கள், பிழை ஒன்றுகூட வரக்கூடாது. ஒன்றுதானே என்று விட்டுவிடும் கணக்கு இதில் இல்லை.

அப்புறம் கோர்சைக்ளரை மறுபடி ஒரு சுற்று. இந்தக் கட்டத்தில் புதிதாகப் பிழை வந்தால் சந்தேகம் ரேம் பக்கம், இவ்வளவு நாள் எக்ஸ்எம்பியை அணைத்து வைத்ததன் பலன் இதுதான். ஈவென்ட் வியூவரில் ஐடி 19 (தானே திருத்திக்கொண்ட பிழை) வரிசையாக வந்தாலும் கர்வைத் தொடாதீர்கள், முதலில் ஃபேப்ரிக் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

11. எண்களைக் காப்பாற்றி வைப்பது

எல்லாம் நின்ற பிறகு பயாஸில் ப்ரொஃபைலாகச் சேவ் செய்யுங்கள், அதோடு நிற்காமல் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுங்கள். அடுத்த பயாஸ் அப்டேட்டில் பெரும்பாலான போர்டுகள் சேவ் செய்த ப்ரொஃபைலையும் சேர்த்தே அழித்துவிடும், அல்லது பழைய ப்ரொஃபைலை ஏற்க மறுக்கும். ரைசன் மாஸ்டரில் எண்களை மாற்றவே மாற்றாதீர்கள், அங்கே மாற்றியதும் பயாஸில் இருப்பதும் மோதிக்கொள்ளும். பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மாதங்கள் கழித்து ஒருநாள் திடீரென்று ரீஸ்டார்ட் ஆனால் பதறாமல் ஐடி 18ஐத் தேடி, அந்த கோரை இரண்டு எண் தளர்த்துங்கள். வெயில் காலம் தொடங்கியிருந்தால் அதற்கு முன் கூலரில் படிந்திருக்கும் தூசியைத் தட்டிவிட்டு ஒருமுறை பாருங்கள்.